அனாதையின் நாவும் அறிஞரின் ஆய்வும்

அறிவைத் தேடுவது உயர்ந்த பணி. அதில் நமக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும், "அறிவுக்காகச் செய்தோம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் எந்தச் செயலும் தூய்மை பெற்றுவிடும் என்று நம்புகின்ற ஒரு கூட்டம் உலகில் உண்டு. படித்தவர்களிடையேதான் அக்கூட்டம் மிகுதி. மனித மனத்தை ஆராய்கிறோம் என்று கூறிக்கொண்டு மனிதரையே ஏமாற்றுவது, அவர் அறியாமல் அவர் உள்ளத்தில் கைவைப்பது, பின்னர் "இதனால் உலகுக்கு ஓர் உண்மை கிடைத்ததே!" என்று வரவுக் கணக்குக் காட்டுவது அவர்கள் வழக்கம். அந்தக் கணக்கு பொய்க்கணக்கு என்பதே நம் வாதம். வரவு தம் பெயரிலும் செலவு பிறர் பெயரிலும் எழுதப்படுகின்ற கணக்கை எந்த வணிகனும் ஏற்கமாட்டான். அறிஞன் எழுதினால் மட்டும் நாம் ஏன் ஏற்க வேண்டும்?

கற்பனையாகப் பேச வேண்டியதில்லை. நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

டேவன்போர்ட்டில் நடந்தது

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்பது ஓர் ஊர். அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் மாண்ட வீரர்களின் பிள்ளைகளுக்காக 19ஆம் நூற்றாண்டில் தொடங்கப்பெற்ற அனாதை இல்லம் ஒன்று அங்கே இருந்தது. பிற்காலத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளும், வறுமையின் கொடுமையால் பெற்றோரே கொண்டுவந்து விட்டுச் சென்ற பிள்ளைகளும் அதில் வளர்ந்தனர்.

1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அயோவா பல்கலைக்கழகத்திலிருந்து மேரி டியூடர் என்ற மாணவி அவ்வில்லத்துக்கு வந்தார். முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வு அவருடையது. அவரை அனுப்பியவர் பேராசிரியர் வெண்டல் ஜான்சன். திக்குவாயைப் பற்றி ஆராய்ந்தவர்களுள் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர். தாமும் இளமை முதல் திக்கிப் பேசித் துன்புற்றவர். ஒரு பிள்ளை இயல்பாகப் பேசுகையில் இடையிடையே தடுமாறுவது வழக்கம். அதைக் கேட்ட பெரியவர்கள் "இவனுக்குத் திக்குகிறது" என்று முத்திரை குத்துவதாலேயே அவன் திக்குவாயன் ஆகிறான் என்பது ஜான்சனின் கொள்கை. தாம் பட்ட துன்பம் பிறர்க்கு வேண்டாம் என்ற நல்லெண்ணம் அவருக்கு இருந்திருக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. அந்த நல்லெண்ணம் எங்கே போய் நின்றது என்பதுதான் கேள்வி.

இல்லத்திலிருந்து 22 பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் 10 பேர் திக்குபவர்கள் என்று முன்பே கருதப்பட்டவர்கள். எஞ்சிய 12 பேர் குறையின்றிப் பேசியவர்கள். அந்தப் பன்னிருவருள் அறுவரிடம், "நன்றாகப் பேசுகிறீர்கள்" என்று பாராட்டினர். மற்ற அறுவரிடமோ, "உங்கள் பேச்சில் பெரிய குறை இருக்கிறது, திக்குவாயின் அறிகுறிகள் தென்படுகின்றன, உடனே திருத்திக்கொள்ள வேண்டும், சரியாகப் பேச முடியாதென்றால் பேசவே வேண்டாம்" என்ற பொருள்படப் பலமுறை சொல்லிவைத்தனர். இல்லத்தின் ஆசிரியைகளுக்கும் பராமரித்த மாதர்களுக்கும் அதே பொய் சொல்லப்பட்டது. பிள்ளைகள் வாய் திறக்கும்போதெல்லாம் தடுத்துத் திருத்துமாறு அவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். சில மாதங்கள் இவ்வாறு நடந்தது.

விளைவு என்ன? கலகலவென்று பேசிய பிள்ளைகள் பேச அஞ்சினர். கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறினர். சிலர் வகுப்பில் வாயே திறக்கவில்லை. படிப்பிலும் பின்னடைந்தனர். ஆய்வு முடிந்தபின் டியூடர் தாமாகவே சிலமுறை மீண்டும் அங்கே சென்று, "உங்களுக்குக் குறை ஒன்றுமில்லை" என்று தேற்றிப் பார்த்தார். முள்ளைக் குத்துவது எளிது, எடுப்பது எளிதன்று. தாம் விரும்பிய அளவுக்குப் பயன் கிட்டவில்லை என்பதை அவரே உணர்ந்தார்.

ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் அடுக்கி வைக்கப்பட்டது. 1965இல் தாம் மறையும்வரை ஜான்சன் அதை நூலாகவோ கட்டுரையாகவோ அச்சேற்றவில்லை. அவர் பெயரால் பேச்சு, செவித்திறன் மையம் ஒன்றும் அமைந்தது. பிள்ளைகளுக்கோ நடந்தது இன்னதென்று ஒருவரும் சொல்லவில்லை. 2001ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவின் நாளேடு ஒன்று செய்தியை வெளியிட்டபோதுதான், முதுமை எய்திவிட்ட அவர்கள் தம் வாழ்வின் மர்மத்தை அறிந்தனர். இடையில் கழிந்தவை 62 ஆண்டுகள்! "எனக்குப் பேச வராது" என்று நம்பியே ஒரு வாழ்நாளைக் கழித்துவிட்டு, "அது ஒரு மாணவியின் ஆய்வேட்டுக்காகச் சொல்லப்பட்ட பொய்" என்று கிழப்பருவத்தில் கேட்பது எத்தகைய கொடுமை! பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. பாதிக்கப்பட்டோர் தொடுத்த வழக்கில் 2007இல் அயோவா மாநிலம் 9 இலட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர இசைந்தது. அதற்குள் அவர்களுள் சிலர் உலகைவிட்டே போய்விட்டனர்.

அனாதைகளின் பொருளை அநியாயமாக உண்பவர்களைத் திருமறை எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதை இவ்விதழின் வாசகர்கள் நன்கறிவர். பொருளை உண்பதே அத்தகைய குற்றமென்றால், அனாதையின் பேச்சையே பறித்ததற்கு என்ன பெயர் சூட்டுவது? தந்தை விட்டுச்சென்ற நிலத்தை மீட்டுத் தரலாம். பத்து வயதில் தொலைந்த துணிவை எந்த நீதிமன்றம் மீட்டுத் தரும்?

இரண்டு சமாதானங்கள்

இதற்குச் சமாதானம் கூறுவோர் இல்லாமலில்லை. அவர்கள் கூற்றையும் நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

"அக்காலத்து வழக்கம் அப்படி; இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளக்கலாகாது" என்பது முதற்சமாதானம். அக்காலத்தவருக்கு அது தவறென்று தெரியாதா? அந்த ஆய்வுக்கு "அரக்க ஆய்வு" என்று பெயரிட்டவர்கள் யாரோ பிற்காலத்தவர் அல்லர். ஜான்சனைச் சூழ்ந்திருந்த பல்கலைக்கழகத்தாரே அவ்வாறு பேசிக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. பெருமைக்குரிய செயலென்றால் அதை ஏன் அலமாரியில் உறங்கவிட வேண்டும்? பேராசிரியர்களின் பிள்ளைகளிடம் இந்தச் சோதனையை ஏன் நடத்தவில்லை? அயோவா நகரிலே நன்றாகப் பேசும் பிள்ளைகளுக்குப் பஞ்சமா? இல்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் தாய் தந்தையர் இருந்தனர். "என் மகனிடம் என்ன சொன்னீர்?" என்று மறுநாளே வந்து கேட்டிருப்பர். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தைத் தேடிப்போனதே அவர்கள் மனச்சாட்சி விழித்திருந்தது என்பதற்குச் சான்று.

"பெருங்கெடுதி மெய்ப்பிக்கப்படவில்லையே" என்பது இரண்டாம் சமாதானம். 2002இல் ஆம்ப்ரோஸ், யாய்ரி என்னும் இரு அறிஞர்கள் அந்த ஆய்வேட்டை மீண்டும் அலசினர். அப்பிள்ளைகள் உண்மையில் திக்குவாயர் ஆனதற்குச் சான்று இல்லை என்று முடிவு கூறினர். நன்று, அப்படியே இருக்கட்டும். அதன் பொருள் என்ன? நாடிப்போன அறிவும் கிட்டவில்லை என்பதே! திக்குவாய்க்கு இன்றைய அறிஞர்கள் மரபணுவிலும் மூளையின் இயக்கத்திலும் காரணம் காண்கின்றனர். பெற்றோரின் சொல்லால் மட்டும் அது உண்டாகிறது என்ற கொள்கை இன்று நிலைக்கவில்லை. பிள்ளைகள் அஞ்சி ஒடுங்கியது மட்டும் எஞ்சியது. சரி, ஜான்சனின் கொள்கை உண்மை என்றே மெய்ப்பிக்கப்பட்டிருந்தால்? அப்போது அறுவரும் திக்குவாயர் ஆகியிருப்பர். ஆய்வு தோற்றதால் அவர்கள் தப்பினர், வென்றிருந்தால் அழிந்திருப்பர். மாந்தர் கெட்டால்தான் வெற்றி என்று அமைந்த ஆய்வை, "கெடுதி நேரவில்லையே" என்று பாராட்டுவது எப்படி? குறி தவறிய அம்பை எய்தவன் குற்றமற்றவன் ஆகிவிடுவானா?

யேல் பல்கலைக்கழகத்துப் பொய்

மூன்றாவதாக ஒரு சமாதானம் உண்டு. அதுவே வலியது. "பொய் சொல்லாமல் சில உண்மைகளை அறியவே முடியாது. உண்மையைச் சொல்லிவிட்டால் மனிதர் தம் இயல்பை மறைத்து நடிப்பர்" என்பது அது. இதற்கு அவர்கள் காட்டும் பெரிய சான்று ஸ்டான்லி மில்கிராம் நடத்திய ஆய்வு.

1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் அவர் அதைத் தொடங்கினார். "நினைவாற்றல், கற்றல் பற்றிய ஆய்வு, ஒரு மணி நேரத்துக்கு 4 டாலரும் வண்டிச் செலவுக்கு 50 செண்டும் தரப்படும்" என்று விளம்பரம் செய்து பொதுமக்களை அழைத்தார். வந்தவரிடம், அடுத்த அறையில் இருப்பவர் தவறான விடை சொல்லுந்தோறும் மின் அதிர்ச்சி தருமாறு கூறினர். 15 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை 30 பொத்தான்கள். உண்மையில் மின்சாரம் பாயவில்லை. அடுத்த அறையில் இருந்தவர் வெறும் நடிகர். பொத்தானை அழுத்தியவருக்கு அது தெரியாது. 1963இல் வெளியான முதற்கட்டுரையின்படி 40 பேருள் 26 பேர் இறுதிப் பொத்தான்வரை சென்றனர். ஹிட்லரின் கொலைக்கூடங்களில் ஆணைக்குப் பணிந்தோர் எப்படித் தோன்றினர் என்பதற்கு விடை கிடைத்துவிட்டதாக உலகம் வியந்தது.

அந்த நாற்பதின்மருக்கு நேர்ந்தது என்ன என்பதையும் அக்கட்டுரையே சொல்கிறது. வியர்த்தனர், நடுங்கினர், உதட்டைக் கடித்தனர், நா குழறினர், மூவருக்கு அடக்கவியலாத வலிப்புப் போன்ற நடுக்கமே கண்டது. மின்சாரம் பொய்யாக இருக்கலாம். அந்த நடுக்கம் பொய்யன்று. மறு ஆண்டே, 1964இல், டயானா பாம்ரிண்ட் என்ற உளவியல் அறிஞர் இதைக் கண்டித்து எழுதினார். ஆய்வறைக்கு வருபவர் நம்பி வருகிறார். அந்த நம்பிக்கையையே கருவியாக்கி அவரை அலைக்கழிப்பது தகுமா என்பது அவர் கேள்வியின் சாரம்.

மில்கிராம் அளித்த மறுமொழி புகழ்பெற்றது. கலந்துகொண்டோரிடம் பின்னர் வினாப்படிவம் அனுப்பிக் கேட்டதாகவும், அவர்களுள் சுமார் 84 விழுக்காட்டினர் பங்கேற்றதற்காக மகிழ்வதாகக் கூறினர் என்றும் அவர் எழுதினார். இன்றும் பலர் இந்த எண்ணைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கின்றனர். நாம் கேட்கிறோம்: கேட்காமல் எடுத்துக்கொண்ட பொருளுக்குப் பின்னர் உடையவன் முகம் சுளிக்கவில்லை என்பதால், எடுத்தது கொடையாகிவிடுமா? தாம் ஒரு மனிதனைத் துடிக்க வைத்துவிட்டோம் என்று நம்பி வீடு திரும்பியவர், "உங்களால் அறிவுலகம் நன்மை பெற்றது" என்ற ஆறுதலைப் பற்றிக்கொள்வது இயல்பு. அந்த ஆறுதலை இசைவு என்று எழுதிக்கொள்வது முறையன்று. மேலும், ஆவணக் காப்பகத்தைத் துருவி ஆராய்ந்து 2012இல் நூல் எழுதிய ஜினா பெர்ரி, பலருக்கு அன்றே உண்மை சொல்லப்படவில்லை என்பதை வெளிப்படுத்தினார். அடுத்த அறையில் ஒருவருக்கு ஊறு செய்துவிட்டோமோ என்ற எண்ணத்தோடு அவர்கள் பல மாதங்கள் வாழ்ந்தனர்.

"வேறு வழியே இல்லை" என்பதாவது மெய்யா? ஜெர்ரி பர்கர் என்பவர் இதே ஆய்வை மீண்டும் நடத்தி 2009இல் முடிவை வெளியிட்டார். மனநலம் குன்றக்கூடியவர்களை முன்னரே விலக்கினார். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், பணம் உங்களுக்கே என்று பலமுறை சொன்னார். 150 வோல்ட்டோடு நிறுத்திவிட்டு உடனே உண்மையைக் கூறினார். கிடைத்த விடை ஏறத்தாழ மில்கிராம் பெற்ற விடையே. பர்கரும் பொய்யை முற்றிலும் கைவிட்டார் என்று நாம் கூறவில்லை. ஆயினும் மில்கிராம் அம்மனிதரை 450 வோல்ட் வரை வதைத்தது அறிவின் தேவையன்று என்பது இதனால் விளங்குகிறது. "சில செய்திகளை உங்களிடம் மறைப்போம், அதற்கு இசைகிறீரா?" என்று முன்கூட்டியே கேட்டு இசைவு பெறும் முறையும் உண்டு. மறைப்பதைக்கூட மறைக்காமல் சொல்ல முடியும்! வழி இல்லாமல் அன்று. வழி தேடும் பொறுமை இல்லாமல்தான் பொய்யை நாடுகின்றனர்.

சட்டம் வந்தது, வாயில் மூடவில்லை

1947இல் நூரம்பர்க் நகரில், நாஜி மருத்துவர்களுக்குத் தீர்ப்பு வழங்கிய நீதிமன்றம் பத்து விதிகளை வகுத்தது. ஆய்வுக்கு உட்படுபவரின் மனமொத்த இசைவு இன்றியமையாதது என்பதே முதல் விதி. அவ்விதியை வகுத்த நீதிபதிகளின் நாட்டிலேயே, அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமலும் சிகிச்சை தராமலும் நோயின் போக்கை வேடிக்கை பார்த்த ஆய்வு 1932 முதல் 1972 வரை நடந்தது. அது அம்பலமான பிறகே 1974இல் அமெரிக்கா சட்டம் இயற்றியது. 1979இல் வெளிவந்த பெல்மாண்ட் அறிக்கை மூன்று நெறிகளைக் கூறியது: மனிதரை மதித்தல், நன்மை நாடுதல், நீதி. மூன்றாம் நெறியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். எளிதில் கிடைக்கிறார்கள் என்பதற்காக ஏழைகளையும் இல்லங்களில் அடைபட்டோரையும் ஆய்வுச் சுமைக்கு ஆளாக்கலாகாது என்பது அதன் கருத்து. டேவன்போர்ட்டும் டஸ்கீகியும் கற்பித்த பாடம் இதுவே.

ஆயினும் வாயில் முற்றாக மூடப்படவில்லை. அமெரிக்க உளவியலார் சங்கத்தின் இன்றைய நெறிகளும், ஆய்வின் பயன் பெரிது, வேறு வழி இல்லை என்றால் ஏமாற்றுவதற்கு இடந்தருகின்றன. கடும் துன்பம் தரக்கூடாது, பின்னர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் வரம்பு கட்டுகின்றன. பயன் பெரிதா சிறிதா என்று முதலில் நிறுப்பவர் யார்? ஏமாற்ற விரும்புபவரே! அவருடைய நிறுவனத்தின் குழு பின்னர் அதைச் சரிபார்க்கும். ஏமாறப் போகிறவருக்கு மட்டும் அந்தத் தராசில் கைவைக்க உரிமை இல்லை.

அனாதை இல்லத்தைத் தேடிப்போக வேண்டிய தேவையும் இன்று இல்லை. நம் கைப்பேசியே போதும். 2012 ஜனவரியில் ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு வாரம் ஓர் ஆய்வு நடத்தியது. ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்திய 6,89,003 பேரின் பக்கங்களில், சிலருக்கு மகிழ்ச்சியான செய்திகளையும் சிலருக்குத் துயரச் செய்திகளையும் குறைத்துக் காட்டி, அதனால் அவர்கள் எழுதுவதில் மாறுதல் உண்டாகிறதா என்று பார்த்தனர். 2014இல் முடிவு வெளியானது. அத்தனை இலட்சம் பேருள் ஒருவரிடமும் தனியே இசைவு கேட்கப்படவில்லை. கணக்குத் தொடங்கியபோது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளே இசைவு என்றனர். அக்கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழே பின்னர் இசைவு பெற்ற முறை குறித்துக் கவலை தெரிவித்துக் குறிப்பு எழுத நேர்ந்தது. மாறுதல் மிகச் சிறியது என்று சமாதானம் கூறினர். மீண்டும் அதே பழைய சமாதானம்! அந்த வாரம் உள்ளம் நொந்திருந்தவர் எவரெனும் அக்கூட்டத்தில் இருந்தாரா என்று அவர்கள் பார்த்ததுண்டா? படிக்கவே இயலாத நீண்ட நிபந்தனையின் கீழ் விரல் பட்டது இசைவு என்றால், டேவன்போர்ட் இல்லத்தின் கதவு திறந்ததும் இசைவே!

நம் கடமை

இவ்வளவும் அயல்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. நம் சமுதாயத்தார் நடத்துகின்ற அனாதை நிலையங்கள் உண்டு, பள்ளிக்கூடங்கள் உண்டு. வினாத்தாளை ஏந்தி ஆய்வு மாணவர்கள் அங்கே வருவதும் உண்டு. அவர்களை விரட்டுமாறு நாம் கூறவில்லை. பிள்ளைகளின் மனத்தை அறிய முயல்வோர் பலர் உண்மையான தொண்டர்கள். நேர்மையாகக் கேட்டு, நேர்மையாக அறிந்து சொன்னவற்றால் எத்தனையோ குடும்பங்கள் நலம் பெற்றுள்ளன. ஆனால் நிருவாகி கையொப்பமிட்டுவிட்டார் என்பதால் பிள்ளை இசைந்துவிட்டதாகக் கொள்வது பெரும்பிழை. நிருவாகி அப்பிள்ளைக்கு உடைமைக்காரர் அல்லர்; அமானிதமாகப் பெற்றவர். அமானிதத்தைப் பிறர் கையில் கொடுக்குமுன் ஆயிரம் கேள்வி கேட்பது அவர் கடமை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், பெற்றோர் அல்லது காப்பாளரின் இசைவோடு, 7 வயது நிரம்பிய பிள்ளையின் சம்மதத்தையும் பெற வேண்டும் என்கின்றன. எனவே, ஆய்வென்று வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை சில உண்டு. பிள்ளையிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? அதில் பொய் கலந்திருக்கிறதா? பிள்ளை வேண்டாமென்றால் விட்டுவிடுவீர்களா? நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? இந்த ஆய்வுக்கு உங்கள் பிள்ளையை அனுப்புவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் விடை கூற முடியாதவர் வாயிலோடு திரும்பட்டும்.

டேவன்போர்ட்டில் அந்தக் கேள்வியை 1939இல் ஒரே ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஆறு பிள்ளைகள் தம் நாவை இழந்திரார். கேட்க அங்கே ஆளில்லை. நம் பொறுப்பில் உள்ள பிள்ளைகளுக்கும் ஆளில்லை என்ற நிலை வரக்கூடாது.